எங்கள் கடைக்கு ஸ்டூல் வந்த கதை

எங்கள் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டே பேர். கல்லாவில் முதலாளி, அவர் தலைக்கு மேலே படத்தில் லட்சுமி. மற்ற எல்லோரும் நிற்போம். கண்ணாடிக்குள் சேலை கட்டி நிற்கிற பொம்மைகளும் எங்களோடு சேர்த்திதான். அவற்றுக்குக் கால் வலிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ராஜபாளையத்தில் பெரிய ஜவுளிக்கடை அது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். ஜாக்கெட் துணிப் பிரிவில் வேலை. காலையில் சாம்பிராணி போட்டதும் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றால், மாடியில் டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரம் தவிர, ஷட்டர் இறங்குகிற வரைக்கும் நின்றபடிதான். ஆள் இல்லாத நேரத்தில் கலைத்துப் போட்டதை மடிக்க வேண்டும். மடித்து முடிந்துவிட்டால், மடித்ததையே பிரித்து மறுபடி மடிக்க வேண்டும். சாய்ந்து நின்றால் கேமராவில் பார்த்துவிட்டு மைக்கில் கூப்பிடுவார்கள். "ஜாக்கெட் செக்‌ஷன், சுவத்துல சாயக்கூடாது" என்று ஒருநாள் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்கள். எனக்கு மானமே போயிற்று. அன்றிலிருந்து அந்த மைக்கைக் கண்டாலே ஆகாது.

எங்கள் ஊரில் ஆடி மாசத் திருவிழாவில் ஒரு நாள் பெருமாள் ஆண்டாள் மடியில் தலை வைத்துப் படுத்திருப்பார். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஜவுளிக்கடை வேலைக்கு வந்த பிறகுதான், சாமிக்கே காலை நீட்ட ஒரு நாள் ஒதுக்கி வைத்திருக்கிறார்களே என்று எனக்குத் தோன்றியது. தெய்வக் குற்றம் ஆகுமோ என்னவோ, அந்த வருஷம் சாமியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

எனக்கு அடுத்த கவுண்டர் பட்டுப் பிரிவு. அங்கே இருக்கிற அக்காவுக்கு மம்சாபுரம். கடை இப்படிக் கண்ணாடியும் லிஃப்டுமாக ஆவதற்கு முன்னால், பழைய பஜாரில் சின்னக் கடையாக இருந்தபோதே வேலைக்குச் சேர்ந்தவர். அப்போதெல்லாம் நிற்கிற வேலையே கிடையாதாம். உயரமாக மெத்தை போட்டு வெள்ளை விரித்திருப்பார்களாம். வாங்க வந்தவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்காருவார்கள், விற்கிறவர்களும் எதிரே உட்காருவார்கள். புதுக் கட்டடம் வந்ததும் மெத்தை போய்க் கவுண்டர் வந்தது. "மெத்தையோட சேத்து எங்க குண்டியையும் தூக்கிட்டாக" என்பார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

அவர் கால் சிரிக்கிற நிலையில் இல்லை. முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு, நீலமாகப் புடைத்து நிற்கும். கணுக்கால் பக்கம் ஒரு புண், ஆறுவதும் திரும்பத் திறப்பதுமாக இருந்தது. பேண்டேஜ் நெய்கிற ஊர்கள் சுற்றிலும் இருப்பதால் கட்டுவதற்குத் துணிக்குப் பஞ்சமில்லை. இ.எஸ்.ஐ. டாக்டர் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், மதுரைக்கு எழுதித் தருகிறேன், தேதி வர மாசக்கணக்கில் ஆகும், அதுவரைக்கும் நிற்கவே நிற்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

அதில்தான் சிக்கல். வேலையில் இருந்தால்தான் இ.எஸ்.ஐ. கார்டு செல்லும். கார்டு செல்லுபடியாக இருந்தால்தான் காசில்லாமல் ஆபரேஷன். வேலை என்றால் நிற்க வேண்டும். நின்றால் புண் திறக்கும். வீட்டுக்காரர் இறந்துபோனவர். மகள் நர்சிங் படிக்கிறாள். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. "தேதி வார வரைக்கும் என்னய வேலையிலருந்து நிப்பாட்டாம இருந்தாப் போதும்டி" என்று பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்வார். சாப்பாட்டு நேரத்தை விட்டால், நாள் முழுக்க அவர் உட்காருகிற ஒரே இடம் அந்த பெஞ்சுதான்.

அந்தச் சமயத்தில்தான் சட்டம் வந்தது. கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டுவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். நான் நம்பவில்லை. எங்களைப் பற்றி யாரோ எங்கேயோ உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்பதே எனக்குப் புதுசாக இருந்தது. ஆனால் நிஜமாகவே ஒருநாள் டெம்போவில் நீலநிற பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்து இறங்கின. கவுண்டருக்கு ஒன்று. கைரேகை வைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீசும் ஒட்டினார்கள்.

மேனேஜர் எங்களைக் கூட்டிவைத்துப் பேசினார். அவரும் நாள் முழுக்க நிற்கிறவர்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். "இனிமே நீங்க உக்காரலாம்மா. சட்டமே வந்துருக்கு. ஆனா கஸ்டமர் வந்தா எந்திரிச்சிரணும். முதலாளி வந்தா எந்திரிச்சிரணும். மடிக்கிற வேல கெடந்தா உக்காரக்கூடாது. வேல இல்லாம சும்மாவும் உக்காந்துருக்கக்கூடாது."

சுடிதார் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி அப்பாவியாகக் கேட்டாள். "பொறவு எப்பண்ணே உக்காரணும்?"

மேனேஜர் நோட்டீசைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார். நோட்டீசில், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்காரலாம் என்கிற மாதிரி எழுதியிருந்தது. அந்த வாய்ப்பைக் கொடுப்பது யார் என்று அதில் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். மதியம் கூட்டமில்லாத நேரத்தில் இரண்டு தரம் உட்கார்ந்தேன். அக்காவும் உட்கார்ந்தார். கீழே குனிந்து கட்டைத் தளர்த்திவிட்டுக்கொண்டார். இனி ஆபரேஷன் வரைக்கும் தாக்குப்பிடித்துவிடுவார் என்று நான் நிம்மதியானேன்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நாங்களேதான் பொறுப்பு. மகாராஜபுரத்திலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண் சேலை எடுக்க வந்தாள். நிறைமாதம். அக்கா யோசிக்கவே இல்லை. கவுண்டருக்கு அடியிலிருந்து ஸ்டூலை உருவி அந்தப் பக்கம் கொடுத்தார். "உக்காரு தாயி." அவள் எழுந்த பிறகு அந்த ஸ்டூலில் அவள் கூட வந்த அம்மா உட்கார்ந்தார். அவர் போன பிறகு வேறு யாரோ. ஸ்டூல் திரும்பி வரவே இல்லை. வேட்டிப் பிரிவில் ஒரு பெரியவருக்குக் கொடுத்தார்கள். துண்டுப் பிரிவில் குழந்தையோடு வந்தவருக்குக் கொடுத்தார்கள். வந்தவர் நிற்க நாம் உட்காருவதா என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அது எலும்பில் ஊறிப்போயிருக்கிறது. நானும் கொடுத்தேன்.

கடைசியில் ஸ்டூல்கள் எல்லாம் புருஷன்மார்களிடம் போய்ச் சேர்ந்தன. சேலை எடுக்கிற கடையில் புருஷன்மார்களுக்குப் பையைப் பிடிப்பதைத் தவிர வேலை கிடையாது. எங்கே ஸ்டூல் கிடக்கிறதோ அங்கே வந்து உட்கார்ந்து போனைப் பார்ப்பார்கள். பெண்டாட்டி கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பாள், நாங்கள் இந்தப் பக்கம் நிற்போம், நடுவில் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார்.

அந்த நிலைமையில்தான் தொழிலாளர் துறையிலிருந்து ஒரு மேடம் சோதனைக்கு வந்தார். நேரே என் கவுண்டருக்கு வந்துவிட்டார்.

"ஸ்டூல் குடுத்துருக்காங்களாம்மா?"

"குடுத்துருக்காங்க மேடம்."

"எங்க?"

நான் கையைக் காட்டினேன். கான்சாபுரத்திலிருந்து வந்த ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் ஒருவர், மடியில் பையை வைத்துக்கொண்டு, முறுக்கிய மீசையோடு அதில் உட்கார்ந்திருந்தார். மேடம் அவரைப் பார்த்தார். அவர் மேடத்தைப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் விறைப்பாக எழுந்து நின்றுவிட்டார். "இது ஒங்க ஸ்டூலா தாயி? சொல்லக்கூடாதா? கடையில நமக்குப் போட்டதுன்னுல்லா நெனச்சேன்." அவருக்கு ரொம்பச் சங்கடமாகிவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேடத்துக்கும்தான். ஆனால் மேனேஜருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

"நான் வாங்கிப் போட்டேன், நீங்க தானம் பண்ணிட்டு என்னய மாட்டிவிட்டுட்டிய" என்று மேனேஜர் கத்தினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மறுநாள் பார்சல் கட்டுகிற நைலான் கயிற்றால் ஒவ்வொரு ஸ்டூலையும் கவுண்டர் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டார். ஆட்டுக்குட்டி கட்டிய மாதிரி வரிசையாகக் கிடந்தன.

அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. ஸ்டூல் குட்டை, கவுண்டர் நெட்டை. உட்கார்ந்தால் எங்கள் உச்சந்தலை மட்டும்தான் வெளியே தெரியும். "ஏம்மா, இங்க ஆளே இல்லயா?" என்று கஸ்டமர் கூப்பிடுவார்கள். நான் கீழேயிருந்து கையைத் தூக்குவேன். "ஜாக்கெட் செக்‌ஷன் ஆள் எங்க?" என்று மைக் கேட்கும். இரண்டு நாளில் வெறுத்துப்போய் நாங்களே எழுந்து நின்றுகொண்டோம். கயிறு மட்டும் அப்படியே இருந்தது.

அக்காவின் புண் திறந்துகொண்டது. சேலையின் கீழ்க்கரையில் ஈரம் தெரிய ஆரம்பித்தது. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டார். பட்டுப் பிரிவாயிற்றே, அவருக்குத் துணி மேல் பயம். தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, பேசாம கொஞ்ச நாள் வீட்ல இருங்களேன். காலு ஆறின பொறவு வாங்க" என்றார். தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் கடையில் பிள்ளை பெறப் போன ஒருத்திக்கு, பொறவு திரும்பி வந்தபோது இடம் இருக்கவில்லை. 'பொறவு' என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா, தை முகூர்த்தம் முடியட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் அவர் கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். நான்தான் கடையை, மேனேஜரை, சட்டம் போட்டவர்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். எனக்கு அது ஒன்றுதான் நன்றாக வரும்.

தை பிறந்ததும் ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. கான்சாபுரத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீடு. வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணின் அம்மா, அத்தைமார், சித்திமார் என்று கவுண்டரை மொய்த்துவிட்டார்கள். மாடியிலிருந்து எடுத்துவந்து போட்ட நாற்காலிகளும் போதவில்லை. பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அக்கா பிரித்துப் பிரித்துக் காட்டினார். நான் என் இடத்திலிருந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சட்டென்று கையிலிருந்த சேலையை வைத்துவிட்டுக் கவுண்டருக்கு வெளியே வந்தார். வேலையை விட்டே போகப்போகிறார் என்று நினைத்தேன். அலமாரியை மூடி வைக்கிற வெள்ளைத் துணியை எடுத்து, நடுக்கடையில், டைல்ஸ் தரையில் உதறி விரித்தார்.

"மதினி, முகூர்த்தப் பட்ட இப்பிடி நின்னுகிட்டா எடுக்கது? எல்லாரும் உக்காருங்க. உக்காந்து நிதானமாப் பாப்போம்."

மாப்பிள்ளையின் அம்மா செருப்பைக் கழற்றினார். "அதானே! எங்க கல்யாணத்துக்கெல்லாம் மெத்தையில உக்காந்துதான் எடுத்தாக. வாங்க எல்லாரும்." அத்தனை பேரும் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் உட்கார்ந்த பிறகு அக்காவும் உட்கார்ந்தார். யாருக்கும் அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. வந்தவர்கள் தரையில் இருக்கும்போது கல்யாணப் பட்டுக்கு முன்னால் காலைக் காட்டிக்கொண்டு நிற்பதுதான் மரியாதைக்குறைவு. கஸ்டமருக்கு இடம் கொடுத்துத்தான் நாங்கள் ஸ்டூலை இழந்தோம். அக்காவும் அன்றைக்கு முதலில் கஸ்டமருக்குத்தான் இடம் கொடுத்தார். கட்டுப்போட்ட காலை வெள்ளைத் துணியின் ஓரத்தை இழுத்து மூடி, நீட்டிக்கொண்டார்.

மேனேஜர் ஓடிவந்து, உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார். முதலாளி கல்லாவிலிருந்து இறங்கி வந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கும்பிடு போட்டுவிட்டு, துணியின் ஓரத்தில் தானும் உட்கார்ந்து, "பழைய கட மாதிரி இருக்கே" என்றார். வியாபாரி கண் அது. அன்றைக்கு அந்த வீட்டார் எழுந்திருக்கவே இல்லை, எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

கொஞ்ச நாளில் பட்டுப் பிரிவில் நிஜ மெத்தையே வந்துவிட்டது. திண்டு போட்டு, போட்டோ எடுத்து, போனில் விளம்பரம் எல்லாம் செய்தார்கள். அக்கா வேலை பிழைத்தது. மதுரையிலிருந்து தேதி வந்தது, இ.எஸ்.ஐ. கார்டில் ஆபரேஷனும் நடந்தது. முழங்கால் வரைக்கும் இறுக்கமான உறை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். மெத்தை அவருக்காகக் காத்திருந்தது.

எங்கள் ஸ்டூல்கள் காத்திருக்கவில்லை. அதான் மெத்தை வந்துவிட்டதே என்று கயிற்றை அறுத்து எல்லாவற்றையும் குடோனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஜாக்கெட் துணியை யாரும் மெத்தையில் உட்கார்ந்து எடுக்க மாட்டார்கள். நான் பழையபடி நின்றேன். எனக்கும் ஆடுசதையில் ஒரு நீலக்கோடு தெரிய ஆரம்பித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

தொழிலாளர் துறை மேடம் மறுபடி வந்தபோது மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பாக நேரே மெத்தைக்குக் கூட்டிப்போனார். "பாருங்க மேடம், உக்காந்தே வேல பாக்காங்க." மேடத்துக்கும் திருப்திதான். நோட்டைத் திறந்து எழுதப் போனார்.

அக்கா கையை ஊன்றி எழுந்தார். "உக்காருங்கம்மா, எதுக்கு எந்திரிக்கிறீங்க?" என்றார் மேடம்.

"இல்ல மேடம். இது பட்டுக்குப் போட்ட மெத்த. எனக்குப் போட்டது இல்ல." எங்கள் பக்கம் கையைக் காட்டினார். "அந்தா நிக்காளுகள்ல, அவளுகளுக்கு எங்க ஸ்டூலு? குட்ட ஸ்டூலு வேண்டாம். கல்லாவுல இருக்க மாதிரி ஒசரமாக் குடுக்கச் சொல்லுங்க. பொறவு அந்த நோட்டீச எங்க ரேகை மெஷின்கிட்ட ஒட்டி என்ன மேடம் புண்ணியம்? நாங்க படிச்சு என்ன ஆகப்போகுது? கஸ்டமரு படிக்க மாதிரி வாசல்ல ஒட்டச் சொல்லுங்க."

திட்டுவதில் என்னை விட்டால் ஆளில்லை என்று இருந்தேன். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வேலையும் இருந்தது, காலும் ஆறிவிட்டது, உட்கார மெத்தையும் இருந்தது, இவர் ஏன் எழுந்து நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். அழுகையாக வந்தது.

மேடம் எழுதிக்கொண்டு போனார். மறுவாரம் அக்காவைப் பட்டிலிருந்து எடுத்துத் துண்டுப் பிரிவில் போட்டார்கள். யாரும் திட்டவில்லை. அங்கே ஆள் தேவைப்படுகிறது என்று சொன்னார்கள். மெத்தையில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். ஆபரேஷன் செய்த காலோடு அக்கா துண்டு மடித்துக்கொண்டு நின்றார். "எந்திரிக்காம இருந்துருக்கலாம்ல" என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். "ஒன் காலைப் பாத்தேன்டி" என்றார்.

உயர ஸ்டூல்கள் லேசில் வந்துவிடவில்லை. மறுபடி நோட்டீஸ், மறுபடி மேடம் வருகை என்று இழுத்து இழுத்து, ஒரு வழியாக வந்தன. முதுகு சாய இடம் வைத்த ஸ்டூல்கள். வாசலில், கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு: 'எங்கள் பணியாளர்கள் அமர்ந்து பணிபுரிவார்கள்.' முதல் நாள் துண்டுப் பிரிவில் அக்கா ஏறி உட்கார்ந்து, ஒரு காலை ஸ்டூலின் குறுக்குக் கம்பியில் வைத்துக்கொண்டார். நானும் உட்கார்ந்தேன்.

ஒரு அம்மா சேலையோடு என் கவுண்டருக்கு வந்தார். என்னைக் கேட்காமலே என் கால் இரண்டும் எழுந்திருக்கப் பார்த்தன. கவுண்டர் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபமில்லை, இரக்கமாகத்தான் பார்த்தார்.

"காலு வலியாம்மா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். எதிரே துண்டு மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"இல்லம்மா" என்றேன். "நல்லாத்தான் இருக்கு. உக்காந்துருக்கேன்."

அவர் திரும்பி வாசல் பக்கம், போர்டு இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு சேலையைப் பிரித்து என் முன்னால் போட்டு, "இந்தக் கரைக்கு மேட்சா ஒண்ணு எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.